மண்ணுக்கடியில் பார்த்துப் பயந்தவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் விஷ்ராந்த்வாடி தமிழ்க் குடும்பங்கள் மன்றத் தலைவர் ப்ரியம்வதா அம்மையார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மன்ற நிர்வாகிகளே, மறைந்த மர ஆய்வாளர் ருக்ஷானா அவர்களோடு பத்து ஆண்டுகள் பணியாற்றி, இன்று கடக்வாஸ்லாவிலிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்திருக்கும் தேஜஸ்வினி அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ருக்ஷானாவின் கணவர், அன்புச் சகோதரர் ரஃபி அவர்களே, இந்தக் குடியிருப்பின் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலிருந்தும் வெளியிலிருந்தும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன், என் பெயர் சந்திரமௌலி. ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து ஆண்டுகளாக இந்தச் சொசைட்டியின் செயலாளர். இதே அரங்கில், இதே மைக்கைப் பிடித்து எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இன்று இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறேன். வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

எதற்குப் பயம்? அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் ருக்ஷானா அவர்களை வீரப் பெண்மணி என்று போற்றினார்கள். தவறாக நினைக்க வேண்டாம். நான் அறிந்த ருக்ஷானா பயந்தவர். இந்த வளாகத்தில் அவரைப் போலப் பயந்தவர் ஒருவரும் இல்லை. நாம்தானே அவருக்கு 'டர்போக் மேடம்' என்று பெயர் வைத்தோம்? வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதினால் 'பயந்தாங்கொள்ளி வந்துவிட்டார்' என்று சிரித்தோமே, மறந்துவிட்டதா? அந்தப் பெயரை முதன்முதலில் சொன்னவன் யார்? நான்தான்.

ருக்ஷானாவின் தந்தை கீழக்கரையிலிருந்து வந்து புனே கேம்ப்பில் துணிக்கடை வைத்தவர். ருக்ஷானா இங்கேயே பிறந்தவர், வேளாண்மை படித்தவர். ஓரிடத்தில் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அங்கே நிற்கிற பெரிய மரங்களைப் பார்த்து, எவை பிழைக்கும், எவ்வளவு தூரத்துக்குத் தோண்டக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் ஒரு நாள் ஆகுர்டி, ஒரு நாள் கடக்வாஸ்லா என்று நகரத்தின் எல்லா மூலைக்கும் போவார். மாலையில் முழங்கால் வரை மண்ணோடு திரும்புவார். ஒருமுறை லிஃப்டில் அவரிடம், மரத்தைப் பார்க்கப் போகிறவருக்குக் கழுத்து வலிக்காதா என்று வேடிக்கையாகக் கேட்டேன். "எல்லாரும் மேல பாத்துடுறாங்க அண்ணே. எனக்குக் கீழ பாக்குற வேலை" என்றார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், ஜனவரி மாதம். நம் தோட்டத்தைப் புதுப்பிப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. இரண்டடி உயரத்துக்கு மண் கொட்டிப் புல்வெளி போடுவது, நடைபாதை அமைப்பது, மழைநீர் போகக் குழாய் பதிப்பது. கிழக்குச் சுவரை ஒட்டி ஐந்து தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நின்றன அல்லவா? இந்தக் கட்டடங்கள் வருவதற்கு முன்னாலிருந்தே நின்ற மரங்கள். அவற்றின் அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளிக் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவதாக வரைபடம்.

வரைபடத்தை நோட்டீஸ் பலகையில் ஒட்டிய அன்றைக்கே ருக்ஷானா என் வீட்டுக் கதவைத் தட்டினார். வேர் ஆழத்துக்குப் போகிறது என்று நினைக்கிறீர்கள், பெரும்பாலும் மேலே இரண்டடி மண்ணில்தான் படர்ந்திருக்கிறது, கிளை போகிற தூரத்தையும் தாண்டி அது போகிறது என்றார். பள்ளம் வெட்டினால் ஒரு பக்கத்து வேர் முழுவதும் போய்விடும், மேலே மண்ணைக் கொட்டினால் மிஞ்சிய வேருக்கும் மூச்சு கிடைக்காது என்றார். மறுநாள் காலையில் சுண்ணாம்புப் பொடியை வாளியில் கொண்டுவந்து, ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக் கிளை நுனிகளுக்கு நேர் கீழே தரையில் வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் கடப்பாரைகூட இறங்கக் கூடாது என்றார்.

தோட்ட ஒப்பந்தக்காரர் சிரித்தார். இத்தனை பெரிய மரம் நான்கு வேரை வெட்டினால் விழுந்துவிடுமா என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் பொருள்களின் தரம் பார்த்தவன் நான். கண்ணுக்குத் தெரிகிற விரிசலை நம்புவேன். கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது? கையெழுத்துப் போட்டேன்.

ருக்ஷானா வேலைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை ஜேசிபி வந்தது. அவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து நான்தான் வரச் சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

காவலாளி கிருஷ்ணா அவருக்குப் போன் செய்திருக்கிறார். கடக்வாஸ்லாவிலிருந்து ருக்ஷானா வந்து சேர்வதற்குள் மூன்று மரங்களுக்குப் பக்கத்தில் பள்ளம் முடிந்திருந்தது. நான்காவது மரத்துக்கும் ஜேசிபிக்கும் நடுவில் போய் நின்றார். "ருக் ஜாவ் பையா, ருக் ஜாவ்" என்று, நிறுத்தச் சொல்லி ஓட்டுநரைக் கெஞ்சினார். அந்த இரும்பு வாய் அவர் தலைக்கு மேலே நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். துப்பட்டாவின் நுனியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நகரவில்லை. கடைசியில் ஓட்டுநர்தான் இயந்திரத்தை நிறுத்தினார். மீதி இரண்டு மரங்களுக்கு மட்டும் கையால் மண்ணை அள்ளி, வேருக்கு அடியில் துளையிட்டுக் குழாயை நுழைத்தார்கள். மண்ணும் அங்கே கொட்டவில்லை. அந்த இரண்டும் இன்றும் நலமாக நிற்கின்றன.

அன்று மாலை பள்ளத்திலிருந்து ஒரு வேர்த்துண்டை எடுத்துவந்து கமிட்டி அறையின் மேசையில் வைத்தார். என் முழங்கையை விடப் பருமன். வெட்டுவாயில் ஈரம் கசிந்தது. "இந்த மாதிரி பதினேழு எண்ணுனேன் அண்ணே. மூணு மரத்துக்கும் ஒரு பக்கம் பிடிமானமே இல்ல. இது உடனே விழாது. ரெண்டு வருஷம், மூணு வருஷம் பச்சையா நிக்கும். அதுதான் எனக்குப் பயம்" என்றார்.

யாரும் அருகில் போகாதபடி மூன்று மரங்களையும் சுற்றிக் கயிறு கட்டுங்கள், கொட்டிய மண்ணைக் கையால் எடுத்துவிடுங்கள், அனுமதி வாங்கிக் கிளைகளின் பாரத்தைக் குறையுங்கள். இந்த மூன்றைத்தான் அவர் கேட்டார். மக்களை வீணாகப் பயமுறுத்தாதே அம்மா என்று சொல்லி அனுப்பினேன். வேர்த்துண்டைக் குப்பையில் போடும்படி கிருஷ்ணாவிடம் சொன்னேன்.

முதல் மழைக்காலம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கோடையில் இரண்டாவது மரம் ஒருபோதும் இல்லாத அளவுக்குப் பூத்தது. கீழே நடைபாதை முழுவதும் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. உங்களில் பலரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். வாசலில் ருக்ஷானாவைப் பார்த்தபோது, உன் மரம் எப்படிப் பூத்திருக்கிறது பார் என்று ஏளனமாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாகப் போகிற மரம் சில நேரம் இப்படித்தான் அண்ணே பூக்கும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நல்ல வார்த்தை பேசக் கூடாதா என்று கடிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் வாதாடுவதை விட்டார். ஆனால் காற்று அடிக்கிற நாளெல்லாம் கீழே இறங்கிவிடுவார். மரத்தடியில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார். மழை ஓய்ந்ததும் அடிமரத்தைச் சுற்றிக் காளான் முளைத்திருக்கிறதா என்று தேடுவார். பிள்ளைகள் அந்த மரங்களுக்கு அருகே மணல்தொட்டியில் விளையாடிக்கொண்டிருந்தால், சாக்லேட் கொடுத்து மேற்குப் பக்கம் அழைத்துப் போவார். நாம் மேலே பால்கனியில் நின்று சிரித்தோம். ரஃபி அவர்களே, உங்கள் மனைவி இரவில் தூங்குவதில்லை, காற்றுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்று நீங்கள் ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னேன்.

இந்த ஆண்டு ஜூன் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி. வானம் கறுத்துக் காற்று கிளம்பியது. மழை இன்னும் விழவில்லை. காற்று குளிர்ச்சியாக இருக்கிறதென்று எல்லாரும் கீழே வந்திருந்தார்கள். மணல்தொட்டியில் ஒன்பது குழந்தைகள். பெஞ்சில் நான்கு பெண்கள். இரண்டாவது மரத்தை ஒட்டிய காவலறையில் கிருஷ்ணா. நான் இரண்டாம் மாடி பால்கனியில் தேநீரோடு நின்றிருந்தேன்.

என் போன் அடித்தது. ருக்ஷானா. கீழே இரண்டாவது மரத்தடியில் குந்தியிருப்பது எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, மண்ணு தூக்குது. காத்து அடிக்கிறப்ப தூக்குது, விட்டா அமுங்குது. மூச்சு விடுற மாதிரி இருக்குண்ணே. சத்தம் போட்டு எல்லாரையும் போகச் சொல்லுங்க. எனக்குக் குரல் எழும்பல."

பெரியோர்களே, இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும்? நான் சத்தம் போட்டேனா? இல்லை. இத்தனை பேர் பார்க்க, ஒன்றும் நடக்காமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை நிஜமாகவே விழுந்துவிட்டால் என்ற எண்ணம் வந்ததும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே அவர் ஓடினார். குரல் வராதவர் கையால் பிடித்து இழுத்தார். இரண்டு குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பெஞ்சிலிருந்த பெண்களைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். ஒரு தாய் கோபித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்தத் தாய் இன்று இங்கே அழுதுகொண்டிருக்கிறார். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

எல்லாரும் மேற்குப் பக்கம் வந்துவிட்டார்கள். கிருஷ்ணாவும் வந்துவிட்டார். பிறகு மேசைமேல் விட்ட மூக்குக் கண்ணாடியை எடுக்கக் காவலறைக்குத் திரும்பினார். அதை ருக்ஷானா பார்த்தார். ஒரு கணம் நின்றார். அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அந்த முகத்தில் இருந்த பயத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அந்தப் பயத்தோடே அவர் திரும்பி மரத்தடிக்கு ஓடினார்.

மரம் முறிகிற சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை. புல்வெளி அப்படியே ஒரு தட்டின் விளிம்பைப் போல எழுந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மரம் சாய்ந்தது. கிருஷ்ணா காவலறைக்கு வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தார். தோளில் மட்டும் அடி. ருக்ஷானாவின் தொடைமேல் ஒரு கிளை கிடந்தது.

அவருக்கு வந்த பயம் அவரை மரத்தடிக்குக் கொண்டுபோயிற்று. எனக்கு வந்த பயம் என்னைப் பால்கனியிலேயே நிறுத்திவைத்தது.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன். முடியவில்லை. இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ரஃபி அவர்களே, இதை உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மரம் விழுந்த இரண்டாம் நாள் மாநகராட்சிக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். பலத்த காற்றால் மரம் விழுந்தது, பராமரிப்பில் குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று மாலை ஆஸ்பத்திரி நடையில் நீங்கள் என்னைப் பார்த்து, "காத்துலதான் விழுந்துச்சாண்ணே?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பிறகு உள்ளே போய் அவரைப் பார்த்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வேர் வெட்டுன மீதி ரெண்டு மரத்துக்கும் கயிறு கட்டியாச்சாண்ணே?"

"கட்டியாச்சும்மா" என்றேன்.

கட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு கீழே போனேன். காற்று வீசிக்கொண்டிருந்தது. முதல் மரத்துக்கு இருபது அடி தூரத்தில் நின்றேன். மரம் பச்சைப்பசேலென்று நின்றது. மரத்தடிக்குப் போகக் கால் வரவில்லை. கயிற்றோடு மேலே வந்துவிட்டேன். மறுநாள் காலை கிருஷ்ணா, ஒரு கையில் கட்டோடு, மறு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டு அந்தக் கயிற்றைக் கட்டினார்.

பன்னிரண்டாம் நாள் ருக்ஷானாவின் காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தது. சில நிமிடங்கள்தான். நாற்பத்தாறு வயது.

அடக்கத்தலத்தில் வரிசையில் நின்று ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் இட்டார்கள். என் முறை வந்தபோது குனிந்தேன். மண்ணைத் தொட முடியவில்லை. பின்னாலிருந்து ரஃபி என் கையைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து அள்ளி இட்டார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று சொல்கிறேன். மரத்தை வீழ்த்தியது காற்று அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், எச்சரிக்கையைக் கேட்ட பிறகும், என் கையெழுத்தில் வெட்டப்பட்ட வேர்களால் அந்த மரம் விழுந்தது. இன்று காலை மாநகராட்சிக்குப் போய்ப் பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி, இதையெல்லாம் புதிய கடிதத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதன் நகலை ரஃபி அவர்களிடம் தருகிறேன். வழக்கு வரலாம். பழைய கடிதத்தைத் திரும்பப் பெறப் போகிறேன் என்று நேற்று இரவு சொன்னதிலிருந்து என் மனைவி என்னோடு பேசவில்லை. என்ன நடக்குமென்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை பயந்துகொண்டு மாடியில் நிற்க மாட்டேன்.

கமிட்டியின் சார்பில் நாங்கள் எடுத்திருக்கும் முடிவுகளையும் சொல்லிவிடுகிறேன். இனி இந்த வளாகத்தில் எந்த மரத்தின் கிளைக்கும் கீழே, அதன் நுனியைத் தாண்டியும் சில அடிக்கு, மர ஆய்வாளர் வந்து பார்க்காமல் ஒரு கரண்டி மண்ணும் தோண்டப்படாது, கொட்டப்படாது, வண்டியும் ஏறாது. தேஜஸ்வினி இன்று மதியம் வேர் வெட்டுப்பட்ட மீதி இரண்டு மரங்களையும் பரிசோதித்தார். முதல் மரத்துக்கு வாய்ப்பு இருக்கிறது என்கிறார். கொட்டிய மண்ணை மழை விட்ட நாள்களில் கையால் எடுக்க வேண்டும், பாரத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது மரத்தைக் காப்பாற்ற முடியாது. அதை வெட்ட அவசர அனுமதி நாளைக் காலை வரும். மண்ணை எடுக்க வருகிறவர்களின் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். பின்பக்கத்து மனையில் மழை முடிந்ததும் அடித்தளம் தோண்டப் போகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பெரிய மரம் நிற்கிறது. அங்கே கட்டடம் கட்டுகிறவரை வியாழக்கிழமை சந்திக்கிறேன். அவர் என்னைப் பார்த்தும் சிரிக்கலாம். அந்த மரத்தைச் சுற்றி வேலி போடும் வரை மறுபடி மறுபடி போவேன்.

இதுதான் ருக்ஷானா அவர்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. எழுந்து நின்று, பேசாமல், நம்மில் பலரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக் காப்பாற்றிய அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.

நன்றி. அமருங்கள்... இல்லை, அமர வேண்டாம். ஜன்னல் கதவு அடித்துக்கொள்வது உங்களுக்கும் கேட்கிறது. காற்று கூடிவிட்டது. தேஜஸ்வினி கையசைக்கிறார். கூட்டம் இத்தோடு முடிந்தது. யாரும் மூன்றாவது மரம் நிற்கிற கிழக்கு வாசல் பக்கம் போகாதீர்கள். கார், ஸ்கூட்டர் அங்கே நின்றால் நிற்கட்டும். மேற்குக் கதவைக் கிருஷ்ணா திறந்து வைத்திருக்கிறார். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஓட வேண்டாம், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு நான் வருகிறேன்.